பாஸ் மார்க்குக்கு எழுதத் தெரியல

இல்லக்கா, எந்திரிக்காதீங்க, உக்காருங்க. இன்கம் சர்டிபிகேட்டுன்னு சொல்லிக்கினு வந்தீங்க. கையில ஆதார் கெடயாது, ரேசன் கார்டு கெடயாது. வந்ததுலேர்ந்து என் மூஞ்சியவே பாத்துக்கினு கீறீங்க. ரெண்டு வருசமா இந்த இ-சேவை மையத்துல உக்காந்துகினு கீறேன், யாரு இன்னாத்துக்கு வர்றாங்கன்னு எனக்குத் தெரியாதா? செந்தமிழனப் பத்தி விசாரிக்கத்தான வந்தீங்க?

அட, பரவால்லக்கா. இதுல இன்னா கூச்சம். பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி மொத பொண்டாட்டியப் பாத்து ஒரு வார்த்த கேக்கறது நல்லதுதான். எங்க வூட்டுல கேட்டிருந்தா... எங்க கேக்கறது, நான்தான் மொத பொண்டாட்டி.

தங்கச்சியா? ராஜகொளம் ஊரா நீங்க? சரி, சரி.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். குடி கெடயாது. பீடி, சிகரெட் கெடயாது. என் மேல ஒரு தபா கூட கை வெச்சதில்ல. வேற பொம்பள சகவாசம், அதெல்லாம் சொன்னா என் நாக்கு அயுவிடும். சாப்பாட்டுல உப்பு இல்லன்னா கூட சொல்ல மாட்டாரு, தானே எடுத்துப் போட்டுக்குவாரு. இம்மாந்தான் விசாரணைன்னா நீங்க இப்பவே கெளம்பலாம். பன்னண்டரைக்கு காஞ்சிவரம் பஸ்சு கீது.

கெளம்பலியா?

அப்ப ஏன் பிரிஞ்சீங்கன்னு கேக்குறீங்க. எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. மாமியார் கொடுமையான்னு கேக்குறாங்க. கொயந்த இல்லாததாலயான்னு கேக்குறாங்க. நான் எல்லாத்துக்கும் ம்னு சொல்லிடுவேன். உங்களுக்கு மெய்யாலுமே தெரியணுமா? ஒரு கணக்குப் பேப்பராலக்கா. சிரிக்கிறீங்க பாருங்க. சிரிங்க, சிரிங்க.

தம்பி, சர்வர் வரல. ரெண்டு மணிக்கு மேல வா. டோக்கன் எல்லாம் வோணாம், நீ வா, நான் எங்கயும் போவ மாட்டேன்.

இன்னா சொல்லிக்கினு இருந்தேன்? ஆங். எங்க நைனா சுப்பிரமணி, பயிர் வெக்கிறவரு. ஏரி பாசனம், மூணு ஏக்கரா நெல்லு. நான் ஒரே பொண்ணு. பேரு சுகிர்தா, அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், விசாரிச்சிட்டுத்தான வந்திருப்பீங்க. பி.எஸ்சி. கணக்குல காலேஜ்லயே நான்தான் பஸ்ட்டு. அப்பால எம்.எஸ்சி. சேந்தேன். சேந்த மொத வருசத்துலயே இந்தச் சம்பந்தம் வந்திச்சி. மாப்ள பி.இ. மெக்கானிக்கல், ஒரகடத்துல கம்பெனியில வேல, வாலாஜாபாத்துக்கு பக்கத்துல சொந்த வூடுன்னு சொன்னாங்க. பொண்ணு படிப்ப முடிக்கட்டும், நாங்களே படிக்க வெக்கிறோம்னாங்க. நைனா அந்த ஒரு வார்த்தைக்குத்தான் தலையாட்டினாரு.

கண்ணாலம் ஆயி மூணு மாசம் இருக்கும். கேஸ் புக்கு எங்கன்னு பீரோவுல தேடறேன், ஒரு பிளாஸ்டிக் கவர்ல மார்க் ஷீட்டா கெடக்குது. எடுத்துப் பாத்தா எல்லாத்துலயும் ஒரே ஒரு பேப்பர் திரும்பத் திரும்ப வருது. எம்-த்ரீ. இஞ்சினீரிங்ல மூணாவது செமஸ்டர் கணக்கு. ஏயு தபா எழுதியிருக்காரு, ஏயு தபாவும் பெயிலு. அப்ப பி.இ. முடிக்கவே இல்ல. அது இல்லாததால கம்பெனியிலயும் காண்ட்ராக்ட் ஆளாவே கீறாரு. எங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லல.

கோவம்தான். இல்லாம இருக்குமா? ஆனா அன்னிக்கு சாய்ந்தரம் அவுரு வந்து நான் கையில வெச்சிக்கினு இருந்தத பாத்தாரு. பாத்துட்டு செருப்ப கூட அவுக்கல, அப்டியே வாசப்படியில உக்காந்துகினாரு. சொல்லலாம்னுதான் இருந்தேன் சுகின்னாரு. சுகின்னு கூப்டுவாரு அப்பல்லாம். எனக்கு கோவம் பூடுச்சிக்கா. ஒரு ஆம்பள தல குனிஞ்சா நமக்கு ஏன்தான் இப்டி மனசு எளகுதோ.

நான் சொல்லிக் குடுக்கறேன், இது ஒண்ணும் பெரிய விசயம் இல்லன்னேன். எனக்கு அந்தக் கணக்குன்னா உசுரு. உங்களுக்கு சொன்னா புரியும். ஒண்ணு, அதோட கால், அதோட ஒம்போதுல ஒரு பங்கு, பதினாறுல ஒரு பங்கு, இருவத்தஞ்சுல ஒரு பங்கு, இப்டியே கூட்டிக்கினே போங்க. முடிவே கெடயாது. உங்க ஆயுசு பூரா கூட்டினாலும் முடியாது, உங்க பேரன் வந்து கூட்டினாலும் முடியாது. ஆனா அது எங்கயோ ஒரு எடத்துல போய் நிக்கும்கா. ஒண்ணே முக்கால தாண்டாது. சரியா எங்க நிக்கும்? இத எப்டி கண்டுபுடிப்பீங்க, கூட்டியே முடியாத கணக்க?

பூரியர்னு ஒருத்தன், வெள்ளக்காரன், அவன் ஒரு வயி சொன்னான். நேரா மோதாத. ஒரு வளைவ எடுத்துக்கோ. அத சின்ன அலை, பெரிய அலைன்னு அலை அலையா பிரிச்சி எழுது. எழுதி முடிச்சிட்டு, ஒரு எடம் பாத்து அந்த எடத்தோட மதிப்ப உள்ள போடு. அலையெல்லாம் அடங்கி பூடும். வெறும் நெம்பருங்க மட்டும் வரிசையா நிக்கும். ஒண்ணு, கால், ஒம்போதுல ஒண்ணு. எந்தக் கூட்டல முடிக்கவே முடியாதுன்னு வுட்டமோ, அதுக்கு பதில் ஒரே வரில. பை ஸ்கொயர் பை ஆறு. வட்டம் போடறதுக்கு பை வரும் பாருங்க, அந்த பை. இங்க வட்டம் எங்க கீது, இது எங்கேர்ந்து வந்துச்சின்னு மொத தபா கிளாஸ்ல பாத்தப்ப எனக்கு மயிரு சிலுத்துக்கிச்சி. பக்கத்துல இருந்த பொண்ணு ஜாதகக் கட்டம் போட்டுக்கினு இருந்தா, அவ கைய புடிச்சி இஸ்து காட்டினேன், பாருடி பாருடின்னு.

தே, நான் பாட்டுக்கு போவறேன் பாருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

ஒரு வருசம் சொல்லிக் குடுத்தேன். காலைல நாஷ்டா ஆனதும் ஒரு மணி நேரம். வரலக்கா. முட்டாள்னு சொல்லாதீங்க, அவுரு முட்டாள் கெடயாது. கம்பெனியில மோட்டார் ஓடற சத்தத்த கேட்டுட்டு, உள்ள பேரிங் பூடுச்சின்னு கதவுகிட்ட நின்னே சொல்லிடுவாரு. பிரிச்சி பாத்தா பேரிங்தான் போயிருக்கும். நான் சொல்லுவேன், ஏங்க, மொத்த சத்தத்துலேர்ந்து ஒரு சத்தத்த ஒண்டியா பிரிச்சி எடுக்கறீங்களே, அதான் பூரியர் சீரீஸு, காதால நீங்க பண்றீங்க, அத பேனாவால பண்ணுங்கன்னு. சிரிப்பாரு. பேனாவ எடுத்தா கை நின்னுடும். கிளாஸ்ல எவனோ ஒரு வாத்தியாரு, மூணு பக்கத்த கரும்பலகையில எழுதிட்டு அப்டியே மனப்பாடம் பண்ணுடான்னு சொல்லியிருக்கான். மனப்பாடத்துல ஒரு எடத்துல குறி மாறினா முடிஞ்சிது. அந்த பயம் உள்ளயே உக்காந்துகிச்சி.

அப்பதான் கொரோனா. பரீட்சையெல்லாம் வூட்டுலேர்ந்தே எழுதலாம்னு வந்துச்சி. ஞாபகம் கீதா? கேள்வித்தாள் கம்ப்யூட்டர்ல வரும். வெள்ளத்தாள்ல கையால எழுதணும். ஒவ்வொரு பக்கத்துலயும் நெம்பர் போட்டு கையெழுத்து போடணும். போன்ல படம் புடிச்சி அனுப்பணும். அப்பால அந்தத் தாளயே தபால்ல போடணும். இது எட்டாவது தபா. இதுதான் கடைசி வாய்ப்பு, இதுக்கு மேல வருசம் தாண்டி பூடும்னுட்டாங்க. கம்பெனியில வேற, ஆறு மாசத்துல டிகிரி சர்டிபிகேட் குடுத்தா பர்மனெண்ட், இல்லன்னா வேற வேல பாத்துக்கோன்னு சொல்லிட்டாங்க.

ஆமாக்கா. நான்தான் எழுதினேன்.

அப்டி பாக்காதீங்க. ஊருல பாதி வூட்டுல அன்னிக்கு அதான் நடந்துச்சி. அதுக்காக நான் பண்ணது சரின்னு சொல்லல. அவுரு கேக்கல, அத சொல்லிடறேன். அவுரு வாயத் தொறந்து கேக்கவே இல்ல. மாமியார்தான், சிட்டம்மான்னு பேரு, அந்தம்மா வந்து என் கால்ல வியற மாரி நின்னுகினு, எம்புள்ள வாயிக்கைய நீ நெனச்சா நிறுத்தலாம், நெனச்சா கவுக்கலாம்னு அய ஆரம்பிச்சிடுச்சி. அவுரு பக்கத்துலதான் நின்னுகினு இருந்தாரு. செவுத்தப் பாத்துக்கினு.

பத்து நாளு அவுரு கையெழுத்த பயகினேன். சாஞ்சி சாஞ்சி எழுதுவாரு. பை போட்டா கோயி கால் மாரி போடுவாரு. என் கையெழுத்து அச்சு மாரி இருக்கும், அத கெடுத்து கெடுத்து பயகினேன். அவுரு என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. பாஸ் மார்க் போதும் சுகி, அம்பது வந்தா போதும், அதுக்கு மேல வோணாம்.

பரீட்ச அன்னிக்கு மாமியார் வாசல்ல முறத்த வெச்சிக்கினு உக்காந்துகிச்சி. யாரும் உள்ள வராத, எம்புள்ள பரீட்ச எழுதுதுன்னு தெருவுக்கே கேக்கற மாரி சொல்லிக்கினு. எனக்கு டீ போட்டுக் குடுத்துச்சிக்கா. கண்ணாலம் ஆனதுலேர்ந்து அது எனக்கு டீ போட்டது அன்னிக்கு ஒரு நாள்தான். அவுரு என் எதுர்ல உக்காந்து, நான் முடிக்க முடிக்க ஒவ்வொரு தாள்லயும் கையெழுத்துப் போட்டாரு.

பதினாறு மார்க்குல அந்த கேள்வி வந்துச்சி. எக்ஸ் பிளஸ் எக்ஸ் ஸ்கொயர, மைனஸ் பையிலேர்ந்து பை வரைக்கும் அலையா பிரி, அதுலேர்ந்து அந்தக் கூட்டல கண்டுபுடின்னு. அதுல ஒரு பள்ளம் கீதுக்கா. அந்த வளைவோட ரெண்டு முனையும் ஒண்ணா சேராது. இந்தப் பக்கம் ஒரு ஒசரம், அந்தப் பக்கம் ஒரு ஒசரம். படிக்கட்டு மாரி டக்குனு எறங்கும். அந்த எடத்துல மதிப்பு இன்னான்னு கேட்டா பாதிப்பேரு மேல் ஒசரத்த தூக்கிப் போட்டுடுவாங்க. வெட வராது. அந்த எடத்துல சீரீஸு மேலயும் போவாது கீயயும் போவாது. ரெண்டுக்கும் நட்ட நடுவுல போய் நிக்கும். அத தெரிஞ்சி போட்டாதான் பை ஸ்கொயர் பை ஆறு வரும்.

பாஸ் மார்க்குக்கு எழுதணும்னா நான் அந்த மேல் ஒசரத்த போட்டுட்டு வுட்டிருக்கணும். பேனாவ அங்க கொண்டு போனேன்கா. கை வரல. தெரிஞ்சே தப்பா எழுத கை வரல. ஒயுங்கா எழுதினேன். ஏன் நடுவுல நிக்கும்னும் எழுதினேன். எழுதிட்டு, அவன் கேக்காத இன்னொண்ணையும் எழுதினேன், ஒத்தப்படை நெம்பருங்கள மட்டும் கூட்டினா பை ஸ்கொயர் பை எட்டுன்னு. எனக்கு அந்த மூணு மணி நேரம் பேஜாரே தெரியல. கொரோனா, மாமியாரு, முறம், ஒண்ணும் தெரியல. யாரோ ஒருத்தன் எங்கயோ உக்காந்துகினு இந்தத் தாள திருத்துவான், இந்த எடத்துக்கு வந்ததும் அடடேன்னு சொல்லுவான்னு நெனச்சிக்கினு எழுதினேன்.

எங்க தெருவுல டவர் கெடயாது. அவுரு பஞ்சாயத்து தண்ணி டேங்க் படியில பாதி ஏறி, ஒரு கையில கம்பிய புடிச்சிக்கினு இன்னொரு கையில போன தூக்கிக்கினு அப்லோட் பண்ணாரு. ஆயிடிச்சின்னு மேலேர்ந்து கட்ட வெரல காட்டினாரு. கீய நின்னுகினு நான் சிரிச்சேன். எங்க வாயிக்கையில நல்ல நாள் எதுன்னு கேட்டா அதான்னு வெச்சிக்குங்க. மத்ததெல்லாம் சொம்மா.

ரிசல்ட்டு வந்துச்சி. ஓ கிரேடு. ஓன்னா அவுட்ஸ்டாண்டிங், அதுக்கு மேல கிரேடே கெடயாது. மத்த பேப்பர் எல்லாம் பார்டர்ல கீது, எட்டாவது தபாவுல எம்-த்ரீ ஒண்டி ஓ. மாமியார் தெருவுக்கே லட்டு குடுத்துச்சி. அவுரு அந்த ஷீட்ட வாங்கிப் பாத்தாரு. இவ்ளோ எதுக்கு சுகின்னாரு. அம்மாந்தான். மடிச்சி உள்ள வெச்சிட்டாரு.

பர்மனெண்ட் ஆச்சி. கம்பெனி பக்கத்துலயே வூடு எடுத்தோம். ரெண்டு வருசம் நல்லாத்தான் போச்சி. சொன்னா நம்புங்க, நல்லாத்தான் போச்சி.

அப்பால கம்பெனியில புதுசா ஒரு மிஷின் வந்துச்சி. ஓடற மோட்டாரோட அதிர்வ எடுத்து, எந்த அலை எவ்ளோன்னு பிரிச்சி திரையில காட்டும். அவுரு காதால பண்ணத அது கரண்ட்ல பண்ணும். அதுக்கு ட்ரெய்னிங் குடுக்க புனேலேர்ந்து ஒருத்தன் வந்தான். வந்தவன் எல்லார் பைலையும் வாங்கிப் பாத்திருக்கான். எம்-த்ரீல ஓ எடுத்தவரு யாருப்பா, முன்னாடி வாங்கன்னு கூப்ட்டிருக்கான். முப்பது பேரு கீறாங்க ரூம்புல. இவுரு கீய வேல செய்யிற ஆளுங்களும் கீறாங்க.

போர்டுல ஒரு அலைய போட்டானாம். படிக்கட்டு மாரி டக்குனு எறங்கற அலை. இந்த எடத்துல சீரீஸு எந்த மதிப்ப குடுக்கும்னு கேட்டானாம்.

ஆமா. அதே எடம்.

மேல கீற மதிப்பு சார்னு இவுரு சொல்லியிருக்காரு. இல்லியேன்னானாம். அப்ப கீய கீறது சார்னாராம். யாரோ பின்னாடி சிரிச்சிட்டாங்க. புதுசா சேந்த பொண்ணு ஒண்ணு, ஆறு மாசம் கூட ஆவல, எந்திரிச்சி நடுவுல சார்னு சொல்லிச்சாம். அந்த புனேக்காரன் இவுர ஒரு பார்வ பாத்துட்டு, ஓ கிரேடு, ம், உக்காருங்கன்னானாம். அவ்ளோதான். வேற ஒண்ணும் சொல்லல. ஆனா ரூம்புல எல்லாருக்கும் தெரிஞ்சி பூடுச்சி. எல்லாரும் அந்த வருசம் எப்டி பரீட்ச எழுதினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்தான.

வூட்டுக்கு வந்தாரு. சாப்பாடு வெச்சேன், தொடல. நடந்தத அவுரே சொன்னாரு, வரி வரியா. சொல்லிட்டு, யாரு உன்ன அவ்ளோ நல்லா எழுதச் சொன்னதுன்னாரு. கத்தல. மெதுவாத்தான் கேட்டாரு. பாஸ் மார்க் போதும்னு சொன்னேன்ல, உனக்கு உன் அறிவக் காட்டணும், அதுக்கு என் பேரு கெடச்சிதான்னாரு.

யோசிச்சிப் பாத்தா அது உண்மதான. அவுருக்காகத்தான் உக்காந்தேன், எழுதறப்ப எனக்காகத்தான் எழுதினேன்.

அன்னிக்கோட சுகின்னு கூப்டறது நின்னுச்சி. என் நோட்டுங்க, புக்குங்க எல்லாத்தையும் பழைய பேப்பர் கடையில போட்டுட்டாரு. ஏங்கன்னு கேட்டதுக்கு எடம் அடைக்கிதுன்னாரு. வூட்டுக்கு அவுரு பிரெண்டுங்க வந்தா என்ன உள்ளயே இருன்னுடுவாரு. நான் டீ கொண்டாந்து வெச்சா கூட மூஞ்சி மாறும். ஒரு நாள் சொல்லிட்டாரு, உன்னப் பாத்தா எனக்கு அந்த ரூம்புதான் ஞாபகம் வருதுன்னு. அடிச்சிருந்தா கூட திருப்பி ஒண்ணு கேட்டிருப்பேன். இதுக்கு எத கேக்கறது?

பொங்கலுக்கு நைனா வூட்டுக்கு வந்தேன். கூப்ட வரல. மாசி வந்துச்சி, பங்குனி வந்துச்சி. அப்பால வக்கீல் நோட்டீசு வந்துச்சி. அதுல ஒரு வரி கீது, எனக்கு மனப்பாடம். மனுதாரர் பொறியியல் பட்டதாரி என்றும், கணிதத்தில் உயரிய தகுதி பெற்றவர் என்றும், எதிர்மனுதாரரோ, மனுதாரர் படிக்க வைத்தும் அலட்சியத்தால் முதுகலைப் படிப்பை முடிக்காமல் விட்டவர் என்றும், ஆகையால் இருவருக்கும் அறிவு நிலையில் பொருத்தம் இல்லை என்றும். படிச்சிட்டு சிரிச்சேன்கா. நைனா பயந்து பூட்டாரு, பொண்ணுக்கு புத்தி பேதலிச்சி போச்சின்னு.

சொல்லியிருக்கலாம். கோர்ட்ல எந்திரிச்சி நின்னு, அந்த ஓ என்னுதுன்னு சொல்லியிருக்கலாம். எங்க வக்கீலம்மா கிட்ட சொன்னேன். அவங்க கண்ணாடிய கயட்டி வெச்சிட்டு, சொன்னா அவன் டிகிரி பூடும், வேல பூடும், ஆனா எழுதின கை உன்னுது, உம்மேலயும் கேஸ் வரும், நீ அப்பறம் எந்த வேலைக்கும் போவ முடியாதுன்னாங்க. யோசிச்சி சொல்லுன்னாங்க. நான் ரெண்டு பேரும் சம்மதிச்சி பிரியறோம்னு கையெழுத்துப் போட்டுட்டேன். காஞ்சிவரம் கோர்ட்ல வராண்டாவுல நின்னப்ப ஒரு தபா என்னப் பாத்தாரு. நான் சொல்லிடுவேனோன்னு அவுருக்கு ஒதறல். அந்த ஒதறல ஒரு அர மணி நேரம் நல்லா வேடிக்க பாத்தேன். அந்த அல்ப சந்தோசம் ஒண்டிதான் எனக்கு மிச்சம்.

உங்க தங்கச்சி இன்னா படிச்சிருக்குது? பி.காமா. சரி, கணக்கு இல்ல. நல்லது. அவுரு நல்லாத்தான் பாத்துக்குவாரு, நான் கெடுத்துச் சொல்ல மாட்டேன். ஒண்ணு ஒண்டி சொல்லி வைங்க. அவுருக்குத் தெரியாதது ஏதாவது உனக்குத் தெரிஞ்சா, தெரியும்னு காட்டிக்காதன்னு. அத அடக்கிக்கினு இருக்க முடிஞ்சா குடுங்க. முடியாதுன்னா, அத நீங்களும் உங்க தங்கச்சியும் பேசிக்குங்க.

இன்னா கேட்டீங்க? எம்.எஸ்சி.யா? நோட்டீசுல போட்டது நெசம்தான், முடிக்கல. ஒரே ஒரு பேப்பர். மத்தது எல்லாம் பஸ்ட் கிளாசு, அது ஒண்ணுல ஏபின்னு கீது. ஏபின்னா ஆப்சென்ட்.

அது ஒண்ணும் இல்லக்கா, அவுரு பரீட்ச அன்னிக்கு காலைல பத்து மணிக்கு எனக்கும் பரீட்ச. கடைசி செமஸ்டர், கடைசி பேப்பர். அதுவும் வூட்டுலேர்ந்துதான். எங்க யுனிவர்சிட்டி வேற, அவுரு யுனிவர்சிட்டி வேற. தேதி ஒண்ணு, டைமும் ஒண்ணு. கை ஒண்ணுதான இருக்குது.

அவுருக்குத் தெரியுமாவா? ரெண்டு ஹால் டிக்கெட்டையும் வாலாஜாபாத்துல பிரிண்ட் போட்டு எடுத்தாந்ததே அவுருதான். மேச மேல பக்கத்துல பக்கத்துல வெச்சாரு. வெச்சிட்டு வெளிய பூட்டாரு. நான்தான் என்னுத மடிச்சி புக்குக்குள்ள வெச்சேன். நவம்பர்ல எழுதிக்கலாம்னு நெனச்சேன். நவம்பர்ல வூடு மாத்தினோம். அடுத்த ஏப்ரல்ல பீஸ் கட்டற தேதி தாண்டிச்சி. அப்பால சிலபஸே மாறிப் பூடுச்சி.

நைனாவுக்குத் தெரியாதுக்கா. அன்னிக்கு சாய்ந்தரம் போன் பண்ணி, பரீட்ச எப்டிம்மா எழுதினன்னு கேட்டாரு. நல்லா எழுதினேன் நைனான்னேன். இன்னிக்கு வரைக்கும், எம்பொண்ணு எழுதின தாள யுனிவர்சிட்டிக்காரன் தொலச்சிட்டான்னு கயனியில நின்னுகினு அவனுங்கள திட்டிக்கினு கீறாரு.